‘சுகர் ஃப்ரீ’ என்றால் என்ன இல்லை?

தீபாவளி நெருங்கும்போது தமிழ்நாட்டின் பெரிய இனிப்புக் கடைகளில் ஒரு தனித்தட்டு தோன்றிவிடும். முந்திரி கேக், அத்திப்பழ பர்பி, பேரீச்சை உருண்டை, பால்கோவா என்று வழக்கமான பண்டங்கள்தான். மேலே செருகிய அட்டையில் மட்டும் ‘சுகர் ஃப்ரீ’ என்று எழுதியிருக்கும். விலையும் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். அதை வாங்குபவர் பெரும்பாலும் நீரிழிவு உள்ளவர், அல்லது அவர் வீட்டார். அவர்கள் மனத்தில் இருக்கும் கேள்வி ஒன்றே: இதைச் சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை ஏறுமா? அட்டையில் உள்ள சொல் அந்தக் கேள்விக்கான பதில் அல்ல. அது வேறொரு கேள்விக்கான பதில். இந்த வேறுபாட்டை யாரும் வாங்குபவருக்கு எடுத்துச் சொல்வதில்லை என்பதால்தான் இந்தச் சின்னத் தொடரை இவ்வளவு நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல்லின் பின்னால் ‘ஃப்ரீ’யை ஒட்டிப் பெயரடை ஆக்குவது மிகப் பழைய வழக்கம். உறவுமொழியான ஜெர்மனிலும் இதே அமைப்பு உண்டு. இந்த ஒட்டோடு சேரும் பெயர்ச்சொற்களைப் பாருங்கள்: சுங்கம், கடன், ஈயம், புகை, வலி, கவலை. எல்லாமே மனிதன் விட்டொழிக்க விரும்புகிறவை. ஆகவே ‘ஃப்ரீ’ என்பது ‘இல்லை’ என்று மட்டும் சொல்வதில்லை, ‘தொல்லை தீர்ந்தது’ என்றும் சொல்கிறது. இதற்குப் பக்கத்தில் ‘அன்ஸ்வீட்டன்டு’ என்ற சொல்லை வைத்தால் வித்தியாசம் விளங்கும். அது இனிப்பே சேர்க்காத பண்டத்தைக் குறிக்கும். ‘சுகர் ஃப்ரீ’யோ இனிப்பை அப்படியே வைத்துக்கொண்டு சர்க்கரையை மட்டும் கழித்துவிட்டதாக உறுதி கூறுகிறது. அந்த உறுதிமொழியின் கவர்ச்சி முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

தமிழுக்கு வந்தபோது இந்தத் தொடருக்கு இன்னொரு பொருளும் ஏறிவிட்டது. ‘அப்பாவுக்குச் சுகர் இருக்கு’, ‘சுகர் மாத்திரை போட்டாச்சா?’, ‘சுகர் டெஸ்ட் எடுக்கணும்’ என்று பேசுகிறோம். நம் பேச்சில் சுகர் என்பது பண்டத்தின் பெயராக இருப்பதைவிட நோயின் பெயராகவே அதிகம் புழங்குகிறது. யாழ்ப்பாணத்தாரும் ‘சீனி வருத்தம்’ என்றே சொல்வார்கள். இப்படிப் பழகிய காதில் ‘சுகர் ஃப்ரீ’ என்பது ‘சுகர்காரர்களுக்கு ஆனது’ என்றே விழுகிறது. அட்டையை எழுதியவர் பண்டத்தைப் பற்றிப் பேசுகிறார், படிப்பவரோ தம் உடம்பைப் பற்றிய செய்தியாக அதை எடுத்துக்கொள்கிறார்.

இந்தத் தவறான புரிதல் எத்தனை பேரைத் தொடும் என்பதைச் சென்னையிலிருந்தே ஒருங்கிணைக்கப்பட்ட ஓர் ஆய்வு காட்டுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நடத்திய அந்த நாடளாவிய ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது. இந்தியாவில் நீரிழிவோடு வாழ்பவர்கள் சுமார் 10.1 கோடி, அதன் வாசலில் நிற்பவர்கள் சுமார் 13.6 கோடி. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல் நீரிழிவு உள்ளவர்கள்.

சட்டம் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் தருகிறது? சர்வதேச உணவுத் தரநிர்ணய அமைப்பான கோடெக்ஸ் வகுத்த அளவையே ஐரோப்பாவும் இந்தியாவும் பின்பற்றுகின்றன. நூறு கிராம் திடப்பொருளில் அல்லது நூறு மில்லி திரவத்தில் 0.5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விளம்பர விதிகளில் இந்த அளவு இருக்கிறது. அமெரிக்காவில் கணக்கு வேறு. அங்கே ஒரு பரிமாறல் அளவுக்கு 0.5 கிராமுக்குக் குறைவாக இருந்தால் போதும். பரிமாறல் அளவு சிறியதாக இருந்தால் விதியும் தளர்ந்துவிடும். அரை கிராமுக்கும் குறைவான எடையுள்ள மிட்டாய் ஏறக்குறைய முழுக்கவே சர்க்கரையாக இருந்தாலும் அதன் ஊட்டச்சத்துப் பட்டியலில் சர்க்கரை பூஜ்யம் என்று அச்சிடலாம். நூறு கிராமுக்குக் கணக்கிடும் இந்திய முறை இந்த வகையில் நேர்மையானது. ஆனால் கலோரி குறையாத பண்டத்தில் ‘சுகர் ஃப்ரீ’ என்று எழுதினால் கலோரி குறையவில்லை என்பதையும் கூடவே எழுத வேண்டும் என்று அமெரிக்க விதி கட்டாயப்படுத்துகிறது. அந்த நல்ல நிபந்தனை நமக்கும் வேண்டும்.

அளவைவிட முக்கியமானது, சட்டம் எதைச் சர்க்கரை என்று எண்ணுகிறது என்பது. குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் போன்ற ஒற்றைச் சர்க்கரைகளும், நாம் காப்பியில் போடும் சுக்ரோஸ், பாலில் இருக்கும் லாக்டோஸ் போன்ற இரட்டைச் சர்க்கரைகளும் மட்டுமே கணக்கில் வரும். குளுக்கோஸ் கண்ணிகள் நீண்ட சங்கிலியாகக் கோத்த மாவுச்சத்து வராது. ஆனால் உடம்பு அந்தச் சங்கிலியை வாயிலேயே அறுக்கத் தொடங்கிவிடுகிறது, சிறுகுடலில் அது முழுக்கக் குளுக்கோஸாக உதிர்கிறது. மைதாவில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 75 கிராம் கார்போஹைட்ரேட், அதில் பெரும்பகுதி மாவுச்சத்து. அந்த மைதாவில் செய்த பிஸ்கட், சர்க்கரைக்குப் பதில் வேறு இனிப்பூட்டியைப் போட்டுவிட்டால், சட்டப்படி ‘சுகர் ஃப்ரீ’ ஆகலாம். விதி மீறப்படவில்லை, பொய்யும் சொல்லப்படவில்லை. ஆனாலும் நான்கு பிஸ்கட் சாப்பிட்டவரின் ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

பண்டம் எப்படிச் செய்யப்படுகிறது என்று பார்த்தால்தான் இந்தச் சிக்கல் முழுதாகத் தெரியும். இனிப்புப் பண்டத்தில் சர்க்கரை செய்யும் வேலை இனிப்பூட்டுவது மட்டும் அல்ல. பண்டத்தின் பருமனும் அமைப்புமே அதனால்தான் கிடைக்கின்றன. பிசுக்குப் பதம், கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று பாகைப் பார்த்துப் பார்த்து இறக்குவதில்தான் மைசூர்பாகும் லட்டும் அதிரசமும் உருப்பெறுகின்றன. செயற்கை இனிப்பூட்டிகளோ மிகத் தீவிரமானவை. சுக்ரலோஸ் சர்க்கரையைவிட சுமார் 600 மடங்கு இனிப்பு. ஒரு கிலோ சர்க்கரையின் இனிப்புக்கு இரண்டு கிராம் கூட வேண்டாம். அப்படியானால் மீதி 998 கிராம் இடத்தை எது நிரப்புகிறது? ‘சுகர் ஃப்ரீ’ தட்டின் முன் நிற்பவர் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

நிரப்பிகள் சில வகை. மால்டிடால், சார்பிடால், ஐசோமால்ட் போன்ற சர்க்கரை ஆல்கஹால்கள் ஒரு வகை. இவை போதை தரும் ஆல்கஹாலும் அல்ல, சட்டக் கணக்கில் சர்க்கரையும் அல்ல. மால்டிடால் இனிப்பில் சர்க்கரைக்கு மிக அருகில் நிற்கிறது, பருமனும் தருகிறது, ஆகவே சாக்லேட்டிலும் பர்பியிலும் அதற்கு மதிப்பு. கிராமுக்குச் சர்க்கரை 4 கலோரி தருகிறது என்றால் மால்டிடால் ஏறக்குறைய அதில் பாதி. ரத்தச் சர்க்கரையை அது உயர்த்துவது குறைவு, ஆனால் பூஜ்யம் அல்ல. குடலில் முழுதாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய் அங்கே நொதிப்பதால், ஒரே நாளில் 30, 40 கிராமைத் தாண்டினால் பலருக்கு வயிறு உப்பும், பேதியாகும். உறையிட்ட பண்டத்தில் இதற்கான எச்சரிக்கை இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. மற்றொரு நிரப்பி மால்டோடெக்ஸ்ட்ரின். மாவுச்சத்தைப் பாதி உடைத்துச் செய்த வெள்ளைத்தூள் இது. காப்பியில் போட விற்கும் பல இனிப்பூட்டித் தூள்களிலும் பருமனுக்காக இதைச் சேர்க்கிறார்கள். இது குளுக்கோஸுக்கு ஈடான வேகத்தில் ரத்தச் சர்க்கரையை உயர்த்தக் கூடியது. ஒரு பொட்டலத்தில் ஒரு கிராம் என்றால் கவலைப்பட ஒன்றும் இல்லை. ஒரு பர்பியில் பத்து கிராம் என்றால் அந்தக் கணக்கே வேறு.

பால் இனிப்புகளின் கதை தனி. பசும்பாலில் நூறு மில்லிக்கு ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைவாக லாக்டோஸ் உண்டு. ஐந்து லிட்டர் பாலைச் சுண்டக் காய்ச்சி ஒரு கிலோ கோவா எடுத்தால், அந்த ஒரு கிலோவில் ஏறத்தாழ 230 கிராம் பால்சர்க்கரை தங்கிவிடும். ஒரு துளி சீனி சேர்க்காவிட்டாலும் பால்கோவாவின் கால் பங்குக்கு அருகில் சர்க்கரைதான். 0.5 கிராம் என்ற சட்ட எல்லை அதற்கு எட்டவே எட்டாது. அங்கே சொல்லக் கூடியது ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று மட்டுமே. பேரீச்சையிலும் அத்தியிலும் செய்த உருண்டைகளுக்கு அதுவும் பொருந்தாது. இந்த உலர்பழங்கள் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ சர்க்கரையால் ஆனவை. சர்க்கரைக்கு ஈடாக உலர்பழ விழுதைப் போட்டுவிட்டுச் ‘சர்க்கரை சேர்க்கவில்லை’ என்று சொல்லக் கூடாது என்பதையும் கோடெக்ஸ் தெளிவாகவே வகுத்திருக்கிறது. அந்தப் பழங்களில் நார்ச்சத்தும் தாதுக்களும் உண்டு, நல்ல உணவுதான். ஆனாலும் ‘சுகர் ஃப்ரீ’ அட்டை அவற்றின் மேல் இருக்கவே கூடாது.

வெல்லம், கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் ஆகியவற்றை இன்னும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் மூன்றும் பெரும்பங்கு சுக்ரோஸ், தேன் பெரும்பங்கு ஃப்ரக்டோஸும் குளுக்கோஸும். இவற்றின் மணமும் சுவையும் நம் சமையலின் செல்வம். அவற்றை நீரிழிவுக்கு ஏற்றவை என்று விற்பது நோயாளிக்குச் செய்யும் தீங்கு.

இந்தத் தொடர் முதலில் நோயாளிகளுக்காகப் பிறந்ததுதான் என்பதை மறக்கக் கூடாது. 1879-இல் பால்டிமோரில் ஐரா ரெம்சனின் ஆய்வகத்தில் வேலை செய்த கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க், தம் கையில் ஒட்டியிருந்த ஏதோ ஒன்று இனிப்பதைக் கவனித்தார். நிலக்கரித் தாரிலிருந்து வந்த அந்தப் பொருள் சாக்கரின். நீரிழிவு உள்ளவர்களுக்கு வாழ்வில் இழந்த ஒரு சுவை அதனால் திரும்பக் கிடைத்தது. முதல் உலகப் போரில் சர்க்கரைத் தட்டுப்பாடு வந்தபோது அது மற்ற வீடுகளுக்கும் போனது. 1952-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஹைமன் கிர்ஷ் என்ற பானத் தயாரிப்பாளர் ‘நோ-கால்’ என்ற சர்க்கரையில்லாச் சோடாவைக் கொண்டுவந்தார். தாம் தொடர்பு கொண்டிருந்த மருத்துவமனையின் நீரிழிவு நோயாளிகளுக்காகத்தான் அதைச் செய்தார். உடல் இளைக்க விரும்பியவர்களும் அதை வாங்கிக் குடிக்கத் தொடங்கினார்கள். பெரிய நிறுவனங்கள் அந்தச் சந்தையைக் கண்டுகொண்டன, 1963-இல் கோகோ கோலாவின் ‘டேப்’ வந்தது. நோயாளியின் தேவைக்காக உருவான சொல் பத்தே ஆண்டுகளில் இடையளவைப் பற்றிய சொல்லாக மாறியது. அந்தக் கைமாற்றத்தில் நோயாளியின் கேள்வி பின்னுக்குப் போய்விட்டது என்பதே என் எண்ணம்.

அடுத்தடுத்த கண்டுபிடிப்புகளும் தற்செயலாகவே நிகழ்ந்தன. 1965-இல் ஜேம்ஸ் ஷ்லாட்டர் விரலை நக்கியபோது ஆஸ்பார்டேம் தெரியவந்தது. 1976-இல் லண்டனில் சசிகாந்த் பட்னிஸ் என்ற இந்திய ஆய்வு மாணவர், பேராசிரியர் ‘டெஸ்ட்’ செய்யச் சொன்னதை ‘டேஸ்ட்’ என்று கேட்டு நாவில் வைத்துப் பார்த்ததில் சுக்ரலோஸின் இனிப்பு வெளிப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. பராகுவே நாட்டின் குவாரனி மக்கள் சீனித்துளசி இலையை எந்த ஆய்வகமும் இல்லாமலேயே அறிந்திருந்தார்கள்.

இந்தியாவில் இதே தொடர் ஒரு வணிகப் பெயராகவும் இருப்பது குழப்பத்தைக் கூட்டுகிறது. ‘சுகர் ஃப்ரீ’ என்ற பெயரிலேயே ஓர் இனிப்பூட்டி பல ஆண்டுகளாக மருந்துக் கடைகளில் விற்கிறது. அமுல் தன் உறைந்த இனிப்பின் உறையில் அந்தச் சொற்களைப் பெரிதாக அச்சிட்டபோது வழக்கு 2008-இல் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு பண்டத்தின் தன்மையை விவரிக்கும் சாதாரணச் சொற்களை ஒருவரே முழுக்க உரிமை கொண்டாட முடியாது என்றும், அதே நேரம் பிறர் அதைத் தம் பெயரைவிடப் பெரிதாக, வணிகப் பெயர் போலத் தோன்றும்படி அச்சிடக் கூடாது என்றும் அந்த வழக்கின் போக்கு அமைந்தது. பெயரடை யாருக்குச் சொந்தம் என்பதை நீதிமன்றம் ஆழமாக ஆராய்ந்தது. அதே பெயரடையைப் படித்து நீரிழிவாளர் என்ன புரிந்துகொள்கிறார் என்பதை அதே அக்கறையோடு ஆராய வேண்டியது உணவு ஆணையத்தின் கடமை.

இனிப்பூட்டிகள் புற்றுநோய் தருமா என்ற பயத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 1970-களில் எலிகளின் சிறுநீர்ப்பையில் கண்ட கட்டிகளால் அமெரிக்காவில் சாக்கரினுக்கு எச்சரிக்கை வாசகம் வந்தது. அந்த வழிமுறை மனிதர்களுக்குப் பொருந்தாது என்று தெரிந்தபின் 2000-இல் அதை நீக்கினார்கள். 2023-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய்ப் பிரிவு ஆஸ்பார்டேமைப் ‘புற்றுநோய் தரக்கூடும்’ என்ற பட்டியலில் வைத்தது. அது சான்றின் வலிமையைக் குறிக்கும் வகைப்பாடு, ஆபத்தின் அளவைக் குறிப்பதல்ல. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்ற பழைய எல்லையை அதே நேரத்தில் நிபுணர் குழு அப்படியே வைத்துக்கொண்டது. எழுபது கிலோ எடையுள்ளவர் அந்த எல்லையைத் தாண்ட நாளொன்றுக்கு ஒன்பது டின்னுக்கு மேல் டயட் பானம் குடிக்க வேண்டும். ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் ஆஸ்பார்டேமை அறவே தவிர்க்க வேண்டும்.

நம் கவனத்துக்கு உரியது அதே 2023 மே மாதம் வந்த இன்னொரு பரிந்துரை. உடல் எடையைக் கட்டுப்படுத்த இந்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது, நீண்ட நாள் பயனுக்குச் சான்று இல்லை என்பதால். ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் அதிலேயே எழுதியிருந்தது. செய்திகளில் அந்த விலக்கு பெரும்பாலும் விடுபட்டுப்போனது. நீரிழிவு உள்ளவர்களைப் பற்றிச் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு 2024-இல் வெளியானது. டைப் 2 நீரிழிவு உள்ள 179 பேரில் ஒரு பகுதியினர் காப்பி, டீயில் சர்க்கரைக்குப் பதில் சுக்ரலோஸ் சேர்த்துக் குடித்தார்கள். பன்னிரண்டு வாரத்தில் எடையிலும் இடையளவிலும் சிறு குறைவு கிடைத்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி-யில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. சர்க்கரையைக் காப்பியிலிருந்து எடுப்பது நல்லது என்பதையும், தட்டில் இருக்கும் சோறு அப்படியே இருந்தால் அதன் பலன் சிறிதே என்பதையும் இந்த முடிவிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். இந்தியர்களின் கலோரியில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் கார்போஹைட்ரேட்டிலிருந்தே வருகிறது.

இந்தச் சொல் தன் வாக்கை முழுதாகக் காப்பாற்றும் ஓர் இடம் பல். வாயிலுள்ள பாக்டீரியா சர்க்கரையைத் தின்று அமிலம் சுரப்பதால்தான் பல் சொத்தையாகிறது. சர்க்கரை ஆல்கஹால்களை அவற்றால் அப்படிப் பயன்படுத்த முடிவதில்லை. 1970-களில் ஃபின்லாந்தின் துர்க்கு நகரில் சைலிட்டாலை வைத்து நடந்த ஆய்வுகள் இதை உலகுக்குக் காட்டின. சர்க்கரையில்லாச் சூயிங்கம் பல்லுக்கு நல்லது என்று சொல்ல ஐரோப்பியச் சட்டமே இடம் தருகிறது. இங்கே பண்டத்தில் எது இல்லையோ அதுவே நோயின் காரணம், ஆகவே ‘இல்லை’ என்பதே போதுமான செய்தி. நீரிழிவில் அப்படி இல்லை. ஜெர்மனி இதை உணர்ந்து ‘நீரிழிவாளர்களுக்கான உணவு’ என்ற தனி வகையையே சட்டத்திலிருந்து நீக்கியது. ஃப்ரக்டோஸ் போட்டுச் செய்த அந்தச் சாக்லேட்டுகளும் கேக்குகளும் 2012 அக்டோபரோடு அந்தப் பெயரில் விற்பது நின்றது. நீரிழிவு உள்ளவருக்குத் தனிப் பண்டம் வேண்டாம், எல்லாருக்கும் ஏற்ற சமச்சீர் உணவே போதும் என்பது அவர்கள் வந்தடைந்த முடிவு.

உறையிட்ட பண்டத்திலாவது திருப்பிப் பார்க்க ஒரு பட்டியல் இருக்கிறது. மொத்தக் கார்போஹைட்ரேட், மொத்தச் சர்க்கரை, சேர்த்த சர்க்கரை மூன்றையும் அச்சிட வேண்டும் என்பது இந்திய விதி. தட்டில் நிறுத்து விற்கும் இனிப்புக்கு அது இல்லை. 2020 அக்டோபர் முதல் உதிரி இனிப்புகளுக்கு எந்த நாளுக்குள் உண்ண வேண்டும் என்று எழுதிவைப்பது கட்டாயமானது. அதே கடைக்காரர் ‘சுகர் ஃப்ரீ’ என்று எழுதும்போது, எந்த இனிப்பூட்டி, எந்த நிரப்பி, ஒரு துண்டில் எத்தனை கிராம் கார்போஹைட்ரேட் என்பதைத் தமிழில் எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது பெரிய வேலை அல்ல. டைப் 1 நீரிழிவு உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு இந்த எண் உயிர்த்தேவை. ஒவ்வொரு வேளையும் குழந்தை சாப்பிடும் கார்போஹைட்ரேட்டைக் கணக்கிட்டுத்தான் இன்சுலின் அளவை முடிவு செய்கிறார்கள். எண் தெரியாமல் கொடுத்த ஒரு பர்பியால் அந்த வேளைக் கணக்கே தவறிவிடும்.

கடைசியாக ஒரு சூழ்நிலையை ஒவ்வொரு வீடும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவருக்கு ரத்தச் சர்க்கரை திடீரென்று தாழ்ந்தால் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும். அப்போது சுற்றி நிற்பவர்கள் ‘இவருக்குச் சுகர் ஆச்சே’ என்று தேடிப் பிடித்து டயட் பானத்தையோ சுகர் ஃப்ரீ மிட்டாயையோ கொடுத்தால் ஒரு பயனும் இல்லை, நேரம்தான் போகும். அவருக்கு அந்த நொடியில் தேவை உண்மையான சர்க்கரை. விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று, நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். வாக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சர்க்கரையும் மெதுவாகவே செரிக்கும் என்பதால், அவர்கள் வீட்டிலும் பையிலும் குளுக்கோஸ் தூளே இருக்க வேண்டும்.